நீ கொடுக்காத பெயர்

இன்று காலை மாடியைப் பெருக்கும்போது நாற்காலிக்கு அடியில் ஒரு டோக்கன் கிடந்தது. எண்ணெய் டின் தகரத்தை வெட்டி, ஆணியை வைத்து நீ எண் குத்திய பழைய டோக்கன். கையில் எடுத்ததும் துரு வாடை விரலில் ஒட்டிக்கொண்டது. கழுவவில்லை. கீழே வந்து கல்லாவில் உட்கார்ந்து உனக்கு இதை எழுத ஆரம்பித்துவிட்டேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. செத்தவனிடம் கோபப்படுகிறவனுக்குக் கிறுக்கு என்பாய். இருந்துவிட்டுப் போகட்டும்.

வள்ளியூரிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து, பழவங்காடியில் ஓட்டல் எச்சில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நாம் இருவரும் வியாபாரி ஆனதே அந்த டோக்கனால்தான். பேண்ட் போட்டு வந்தவர்களைக் கோயிலுக்குள் விடுவதில்லை, கேமராவும் கூடாது என்று பார்த்தோம். ஒரு பெஞ்சைப் போட்டு வேட்டியை வாடகைக்கு விட்டோம், பையையும் கேமராவையும் வாங்கி வைத்து டோக்கன் கொடுத்தோம். கேமராவை மடியில் ஒளித்துக்கொண்டு உள்ளே போகப் பார்ப்பவர்களைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கிற கண் உனக்கு இருந்தது. “மூஞ்சியப் பாக்காதலே, நடையப் பாரு. ஒளிச்சு வச்சவன் காலை அகட்டி நடப்பான்” என்பாய். பெஞ்சு பெட்டிக்கடையாகி, கிழக்கேகோட்டையில் மாடி வைத்த வேட்டிக்கடையாகிறதற்குள் நீ விமானம் ஏறிவிட்டாய்.

எந்த நாட்டுக்கு என்று இங்கும் எழுதப்போவதில்லை. படித்து முடிக்கும்போது காரணம் தெரியும்.

லீவில் வரும்போதெல்லாம் உன் வாயில் ஒரே பேச்சு. என் ரூம்காரன் மீன் குழம்பு வைப்பான், என் ரூம்காரன் சட்டைக்கு இஸ்திரி போட்டால் மடிப்பு நிற்கும், என் ரூம்காரனுக்குக் குளிர் ஆகாது. என் பெண்டாட்டி ஒரு தடவை, “அண்ணாச்சி, அவரையும் ஒருக்கா கூட்டிட்டு வாங்களேன், அந்தக் குழம்ப நானும் பாக்கேன்” என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய்.

பிறகு ஒரு நாள் பெட்டி இல்லாமல் வந்து நின்றாய். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வெளிநாட்டிலிருந்து பெட்டி இல்லாமல் வருகிறவனை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று உனக்குத் தெரியும். “கம்பெனியப் பூட்டிட்டான்” என்று எல்லாரிடமும் சொன்னாய். உன் இடது பக்கம் நின்று பேசினால் உனக்குக் கேட்கவில்லை. அதற்கும் “காது அடைச்சிருக்கு, ஃபிளைட்டுல” என்று ஒரு பதில் வைத்திருந்தாய். ஒரு வாரம் கழித்து மாடியில் வேட்டி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் வாயைத் திறந்தாய்.

“கம்பெனி நல்லாத்தான் இருக்குலே. என்னைத்தான் உள்ள போட்டுட்டானுவ.”

“எதுக்கு?”

“ரூம்ல இருந்ததுக்கு.”

“ரூம்ல இருந்தா உள்ள போடுவானா?”

“யாரு கூட இருந்தேன்னு கேட்டானுவ. பேரு கேட்டானுவ. குடுக்கல. அதுக்குப் பதிலா இந்தக் காதைக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் உன்னை மன்னிக்கவில்லை. நீ அழுதிருந்தாலோ, யாரையாவது நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தாலோ எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“காலையில கடைக்கு வந்துரு. ஓணச் சரக்கு இறங்குது” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“வேற என்னடே? மாலை போடணுமா?”

அன்றைக்கே எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆணுக்கு ஆண் மேல் அப்படி ஒரு பிரியம் வருவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாதிதான் எட்டும். ஆனால் ஒரு மனிதனைப் பூட்டி வைத்து, இன்னொரு மனிதனின் பெயரைக் கேட்டு, சொல்லாததற்குக் காது கிழிய அறைவது என்னவென்று முழுதாகவே எட்டியது.

அதற்குப் பிறகு கடையில் உன் நாற்காலியை, வருகிறவர்களுக்கு உன் வலது காது தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டாய். மூன்று கடை தள்ளிப் பாத்திரக்கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர், வியாபாரிகள் சங்கத்துச் செக்ரட்டரி அண்ணாச்சி, உனக்கு ‘செவிட்டு மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார். தெரு பிடித்துக்கொண்டது. நீ அதற்கும் சிரித்தாய். “நான் போனப்புறம் யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுலே. இருக்கறவரைக்கும் எனக்கு இந்த நாற்காலியில வந்து உக்காரணும், அம்புட்டுதான்” என்றாய். நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை, நீ.

உன் ரூம்காரர் போன மாதம் வந்தார். லீவில் வந்து இறங்கிய பிறகுதான் நீ இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. களியக்காவிளைப் பக்கத்து ஆள், நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. பார்த்ததும் தெரிந்துவிட்டது எனக்கு. வேட்டி எதுவும் கேட்கவில்லை. உன் பெயரைச் சொல்லி, “அவன் இருக்கிய எடம் எது?” என்றார். காட்டினேன். உட்கார்ந்தார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. டீ ஆறிப்போன பிறகு, உன் காது போன கதையையும் தெரு உனக்கு வைத்த பெயரையும் நான்தான் சொன்னேன். அதே ஊரில், அதே கம்பெனியில் இன்னும் வேலை பார்க்கிறாராம். நீ கொடுக்காத அந்தப் பெயரால்தான் பார்க்கிறார்.

அதே வாரம் மீரா வந்தாள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை, கொல்லத்துக்காரி, ஹாஸ்டலில் தமிழ்ப் பிள்ளைகளோடு இருந்து பழகிய தமிழ். நம் மாடியை நிச்சயதார்த்தத்துக்கும் சங்கக் கூட்டத்துக்கும் விடுகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“ஃபங்ஷன் ஒண்ணும் இல்ல அங்கிள். ஒரு டாக்குமெண்டரி, பின்னே கொஞ்சம் டிஸ்கஷன்.”

“என்ன படம்?”

ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு நேராகவே சொன்னாள். “சில நாட்டுல ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து இருந்தா ஜெயில்ல போடறாங்க. அடிக்கறாங்க. அதப் பத்தி. வேற ஹால்ல எல்லாம் கேட்டாச்சு. விஷயம் சொன்ன உடனே ஹால் புக் ஆயிடுது.”

“எந்தெந்த நாடு?”

சொன்னாள். அதில் ஒன்று உன்னுடையது.

“சனிக்கிழமை சாயங்காலம் வச்சுக்கோ” என்றேன். வாடகையில் குறைக்கவில்லை. குறைத்தால் பரிதாபம் ஆகிவிடும், இது பரிதாபம் இல்லை.

மறுநாளே செக்ரட்டரி அண்ணாச்சி படியேறினார்.

“என்னவே, மாடியில அசிங்கப் படம் ஓட்டப்போறீராம்?”

“அடி வாங்கறவங்க படம் அண்ணாச்சி. அசிங்கம் அடிக்கறவன்கிட்டல்லா இருக்கு.”

“கோயில் இருக்கற தெருவே இது!”

“போன நிச்சயதார்த்தத்துல உங்க மச்சினன் என் மாடிப்படி பூரா வாந்தி எடுத்தாரே, அன்னைக்கு இது எந்தத் தெரு?”

முகம் சிவந்து எழுந்தார். “சங்கத்துல பேசவேண்டி வரும், கேட்டோ” என்று சொல்லிவிட்டுப் போனார். பேசட்டும். எச்சில் தட்டிலிருந்து வந்தவனைத் தள்ளிவைத்து என்ன செய்துவிடுவார்கள்?

என் பயம் வேறு. உன் ரூம்காரர், “நானும் வந்து பாக்கட்டா?” என்று கேட்டுவிட்டார். அடுத்த புதன்கிழமை அவருக்கு விமானம். “அங்க பிடிச்சா மொதல்ல நம்மளுக்க போனத்தான் வாங்குவானுவ” என்றார். “படம் பாப்பானுவ, யாரு யாரு கூட நிக்கியான்னு பாப்பானுவ. இங்க எவனாவது எனக்க மொகத்தப் படம் பிடிச்சு இதப்போல ஒரு படத்துக்க பேரோட போட்டாம்னா, அது அங்க போய் எத்த எம்புட்டு நேரம் ஆவும்?” வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னை அடித்தது எது என்று பார்க்க அவரை விட உரிமை யாருக்கு இருக்கிறது? பரணிலிருந்து உன் தகர டோக்கன் டப்பாவை இறக்கினேன்.

சனிக்கிழமை மாடிப்படி வாசலில் மேசை போட்டு நானே உட்கார்ந்தேன். போனைக் கொடு, டோக்கனை வாங்கு, மேலே போ. காலேஜ் பிள்ளைகள், கழக்கூட்டத்துக் கம்பெனி ஆட்கள், சினிமா விழா என்றால் பை மாட்டிக்கொண்டு அலைகிற பெரியவர்கள், எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே செக்ரட்டரி அண்ணாச்சியும் வந்தார்.

“என்னையுமா நம்பல?”

“கோயிலுக்கு மந்திரி வந்தாலும் போன வெளிய வச்சுட்டுத்தான் போறாரு.”

கொடுத்துவிட்டுப் படியேறினார். நடையைப் பார்த்தேன். “அண்ணாச்சி, மடியில இருக்கறது?” என்றேன். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். வேட்டி மடிப்பிலிருந்து இரண்டாவது போனை எடுத்து மேசையில் பொத்தென்று வைத்தார்.

வெளிச்சம் வராமல் இருக்க, துணிப் பேல்களைச் சுற்றி வருகிற சாக்கை ஜன்னல்களில் ஆணியடித்திருந்தேன். படம் ஓடியது. முகத்தை மங்கலாக்கிய ஒரு தாய், மகன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்றே தெரியாமல் மூன்று ஊர்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போகிறாள். ஒரு பையன் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டுகிறான். வாடகைக்கு விட்டவன் எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் என்பதற்காகக் கதவைக் கழற்றிவிட்ட ஒரு அறை. அந்த அறையைக் காட்டியபோது கடைசி வரிசையில் தூண் ஓரம் இருந்த உன் ரூம்காரர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நான் அதன் பிறகு திரையைப் பார்க்கவில்லை.

விளக்கைப் போட்டோம். டீயும் பிஸ்கட்டும் போயின. டிஸ்கஷன் ஆரம்பித்தது. என் கோபமும் அங்கேதான் ஆரம்பித்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “அந்த நாடுகள்ல மனுஷத்தனம்னு ஒண்ணு இல்ல. நம்ம நாடு எவ்வளவோ மேல், அல்லே?” என்றார். தலைகள் ஆடின. ஒரு அம்மாள், “பாவம், கேக்கவே கஷ்டமா இருக்கு” என்று பிஸ்கட்டை டீயில் நனைத்தாள். தூரத்து ஊரில் மழை பெய்கிறது என்கிற மாதிரி பேசினார்கள். இந்த ஊருக்கு வெளிநாடு தூரமா? தெருவுக்குத் தெரு வெளிநாட்டுச் சம்பளத்தில் எழும்பிய வீடுதானே? அங்கிருந்து சென்ட் பாட்டில் வரவேண்டும், டிவி வரவேண்டும், பெண்ணுக்கு நகை வரவேண்டும். அனுப்பியவன் அங்கே யாரோடு சிரித்தான், எதற்குப் பயந்தான் என்று மட்டும் ஒருவரும் கேட்கக்கூடாது.

செக்ரட்டரி அண்ணாச்சி எழுந்தார். “அது அந்த நாட்டுச் சட்டம். பிழைக்கப் போறவன் அடங்கி இருக்கணும். நம்ம ஆளுவ எத்தனை பேரு அங்க இருக்காங்க, ஒருத்தன் மாட்டியிருக்கானா? எல்லாம் வெள்ளைக்காரன் காசு வாங்கிட்டு எடுக்கற படம்.”

“மாட்டியிருக்கான்” என்றது கடைசி வரிசை.

உன் ரூம்காரர் எழுந்து நின்றுவிட்டார். எல்லாத் தலைகளும் திரும்பின. மேசைப் பக்கம் நின்ற மீரா, முகமெல்லாம் மலர்ந்து, “ஒரு நிமிஷம் சார்! ஆன்லைன்ல பாக்கறவங்களுக்கும் கேக்கணும்” என்று சொல்லி, படம் காட்டிய லாப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. படம் முடிந்ததிலிருந்து அந்தப் பெட்டி நம் மாடியை ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. போனுக்கு டோக்கன் போட்டேன், இரண்டாவது போனுக்கும் போட்டேன். நம் பெஞ்சுக்கு லாப்டாப் தூக்கிக்கொண்டு சாமி கும்பிட யாரும் வந்ததில்லையே. திரையில் படம் காட்டுகிற பெட்டி, நம்மையும் படம் பிடிக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

கத்தினால் அவர் என் பக்கம் திரும்புவார், முகம் நேராக விழும். கத்தவில்லை. படிக்கட்டு ஓரம் இருந்த மெயின் சுவிட்சை இழுத்தேன். விளக்கு போனது, ஃபேன் முனகி நின்றது. கும்மிருட்டில் லாப்டாப் மட்டும் ஒளிர்ந்தது. நாற்காலிகளில் இடித்துக்கொண்டு ஓடி அதன் மூடியை அறைந்து மூடினேன்.

“அங்கிள், என்ன பண்றீங்க? லைவ் கட்டாயிடுச்சு!”

அவள் காதோரம் குனிந்து சொன்னேன். “அந்த மூஞ்சி அங்க போய்ச் சேந்தா அந்தாளு பிணமாத்தான் வருவாரு. நீ இப்ப காட்டின படத்துல ஒரு ஆளு கூடிப்போவும்.” அவள் கை லாப்டாப்பை விட்டு விலகியது.

யாரோ விளக்கைப் போடச் சொன்னார்கள். “வேண்டாம்” என்றார் உன் ரூம்காரர், இருட்டில். “இப்படியே இருக்கட்டு. மொகம் காட்டாம பேசி எனக்குப் பழக்கம் உண்டு.”

பிறகு பேசினார்.

“அன்னைக்கு எனக்கு டியூட்டி. சாயங்காலம் வந்தப்பம் ரூம் கதவு தொறந்து கெடந்துது. அடுப்புல சோறு கரிஞ்சு போச்சு. அவன் இல்ல. யாருகிட்டயும் கேக்க முடியாது. கேட்டா, நீ யாருன்னு கேப்பானுவ. அவன் எங்க இருக்கியான், உயிரோட இருக்கியானான்னு தெரியாம நான் தெனமும் டியூட்டிக்குப் போனேன், கேட்டீங்களா? சிரிச்சுப் பேசிட்டுப் போனேன். அவன்கிட்ட ஒரு பேரு கேட்டிருக்கானுவ. ஒரே ஒரு பேரு. அதச் சொல்லியிருந்தா அவனுக்கு அடி கொறஞ்சிருக்கும்.” பிறகு குரல் செக்ரட்டரி பக்கம் திரும்பியது. “அண்ணாச்சி, நம்ம ஆளு மாட்டியிருக்கானான்னு கேட்டீங்க. உங்களுக்க கடைக்கு மூணு கடை தள்ளி, வலது காதக் காட்டி உக்காந்திருப்பான். நீங்க அவன என்ன சொல்லி விளிப்பீங்க?”

செக்ரட்டரி தொண்டையைச் செருமினார். அப்போது உன் ரூம்காரர் உன் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு, உன் அப்பா பெயரோடு, முழுசாக. இந்தத் தெரு மறந்துபோன பெயர். நீ போனப்புறம் சொல்லலாம் என்று எனக்குத்தான் சொன்னாய், அவருக்குச் சொன்னாயா என்று தெரியாது. கோபப்படுவதானால் என்மேல் படு. நான் தடுக்கவில்லை.

விளக்கைப் போடுவதற்கு முன்னால் கையைப் பிடித்துக் குடோன் படி வழியாக அவரை இறக்கி ஆட்டோவில் ஏற்றினேன். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால், எல்லாரும் கண் கூசி உட்கார்ந்திருக்கிறார்கள். போன் வாங்க வந்த முன்வரிசைப் பெரியவர் டோக்கனை நீட்டி, “அந்த இருட்டுல கேட்டது நல்ல ஒரு அனுபவம், கேட்டோ. அடுத்த தடவையும் இப்படியே வைக்கணும்” என்றார். அவர் போனை அவர் தலையில் போடாமல் கையில் கொடுத்தேன். என் பொறுமைக்கு நீ சாட்சி.

மீரா படியில் உட்கார்ந்து அழுதாள். லாப்டாப்பைத் திறந்து போட்டுக் காட்டினாள். ஒரு தோள், சட்டையின் கை, ‘மாட்டியிருக்கான்’ என்கிற ஒரே சொல். மூடி விழுந்துவிட்டது. “எல்லா ஸ்கிரீனிங்குக்கும் லைவ் போடுவோம் அங்கிள். தூரத்துல இருக்கறவங்களும் பாக்கட்டும்னு...”

“தூரத்துல இருக்கறவன் பாக்கறதுதாம்மா அவருக்கு ஆபத்து!” என்று கத்தினேன். நல்ல பிள்ளை. நல்லது செய்யத்தான் வந்தாள். நல்லது செய்கிறவர்களின் கவனக்குறைவால் ஒரு ஆள் செத்தால், அவன் கொஞ்சம் குறைவாகவா சாவான்? உடனே அழித்தாள். ஆனால் நேரலையில் போன அந்தத் தோளை, அந்தச் சொல்லை யார் பார்த்தார்கள், யார் எடுத்து வைத்தார்கள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“போகாதீங்க” என்றேன் செவ்வாய்க்கிழமை, உன் ரூம்காரரிடம். “இங்க வேட்டி மடிக்க ஆள் வேணும்.”

“அவனுக்க நாற்காலியிலயா?” என்று சிரித்தார். உன் சிரிப்பே. எங்கே பிடித்தீர்கள் இரண்டு பேரும் இந்தச் சிரிப்பை? “இந்த வயசுல வேலைய விட்டா வீட்டுல என்ன காரணம் சொல்லுவேன்? காரணம் கேப்பாவளே.”

புதன்கிழமை போனார். அன்றைக்கு முழுதும் வந்தவர்களுக்கு எதை எடுத்துக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கரை வேட்டி கேட்டவனுக்குத் துண்டைக் கொடுத்தேன். போன் வரவில்லை. அங்கே இறங்கி வரிசையில் நிற்பார், பாஸ்போர்ட்டை நீட்டுவார், அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்ப்பான், அவர் தோளைப் பார்ப்பான். மறுநாள் மத்தியானம் ஒரு செய்தி வந்தது. மலையாளத்தில் ஒரே சொல், ‘எத்தி’. வந்து சேர்ந்துவிட்டாராம். கல்லாவில் உட்கார்ந்து நான் அழுதேன், வாடிக்கையாளர் பார்க்க. நாற்பது வருஷ வியாபாரத்தில் முதல் தடவை. ஒரு மனிதன் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பதற்கு இன்னொரு மனிதன் அழவேண்டியிருக்கிறதே, அந்த அநியாயத்துக்குத்தான் இந்தக் கோபம். இது ஆறுகிற கோபம் இல்லை. ஆற்றிக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை.

அடுத்த மாதமும் மாடியை மீராவுக்குக் கொடுத்திருக்கிறேன். லாப்டாப்பின் கண்ணில் நானே பிளாஸ்திரி ஒட்டுவேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செக்ரட்டரி அண்ணாச்சி வந்தார். உன் நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. வேட்டி அடுக்கைத் தடவிக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

“அன்னைக்குப் பேசினாரே, அது யாருவே?”

“கரண்ட் இல்லாத நேரம் அண்ணாச்சி. நான் யாரைக் கண்டேன்?”

“உமக்குத் தெரியாம இருக்குமா? நான் ஒண்ணும் செய்யப்போறதில்ல. சங்கத்துல கேக்காங்க. ஊரு கூட வேண்டாம். பேரு மட்டும் சொல்லும்.”

குரல் மெதுவாக, பிரியமாகத்தான் இருந்தது. உன்னிடமும் முதலில் இப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

“வேட்டி வேணும்னா தாறேன் அண்ணாச்சி” என்றேன். “பேரு இங்க கிடையாது.”